ஏலத்தோட்டத்து வெளிச்சம் போதும்!

“அக்கா, மீன் தொட்டியிலே பச்சைச் செடி வச்சு வளர்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. வீட்டுக்காரர் ‘செலவை இழுத்து விடாதே’ங்கிறார். கடையிலே போய்க் கேட்டா, செடி முந்நூறு ரூபாய்தான். அதுக்கு மேலே மாட்டுற எல்.இ.டி. விளக்கு மூவாயிரத்து ஐந்நூறாம்! ‘செடிக்குன்னே செஞ்ச விளக்கு, சாதா லைட் போட்டா செடி செத்துப்போகும்’னு சொல்றாங்க. நிஜமா? மூணு வயசுப் பையன் வேற இருக்கான். தண்ணிக்குப் பக்கத்திலே கரண்ட்டை வைக்கவும் பயமா இருக்கு. நீங்கதான் சொல்லணும்.”

சின்னமனூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கும் கடிதம் இது. மீன் தொட்டி வாங்கிய, வாங்கப் போகிற எல்லோருக்கும் உதவும் விஷயம் என்பதால், இந்த இதழில் விளக்கு புராணம்தான்!

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. சாதாரண வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் செடி சாகாது. மூவாயிரத்து ஐந்நூறு கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் மூன்றாவதாக ஒரு பயம் எழுதியிருக்கிறாரே, தண்ணீர் பக்கத்தில் கரண்ட் என்று, அந்தப் பயம் நூற்றுக்கு நூறு நியாயமானது. கையில் இருக்கும் பணத்தை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று கேட்டால், பிரகாசத்துக்கு அல்ல, பத்திரத்துக்கு என்பேன்.

நிழல் செடியா, வெயில் செடியா?

தேனி, கம்பம் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்கப் பெரிய புத்தகம் எதுவும் வேண்டாம். விடியற்காலையில் ஜீப் ஏறிக் குமுளி மலைக்கும் போடிமெட்டு மலைக்கும் தோட்ட வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டாலே போதும். ஏலச்செடி எங்கே வளர்கிறது? பெரிய மரங்களின் அடியில், இலை இடுக்குகளின் வழியே சல்லடையில் சலித்தது போல விழும் வெளிச்சத்தில். மழைக்காலம் தொடங்கும் முன் மரக்கிளைகளை அளவாகக் கழித்து விடுவார்கள், மொட்டையடிக்க மாட்டார்கள். வெயில் நேராக அடித்தால் ஏல இலை கருகிவிடும். நிழல் ரொம்ப அடர்ந்தாலோ காய்ப்பு குறைந்துவிடும்.

மலையை விட்டுக் கீழே இறங்கினால் கதையே வேறு. வயலில் நிற்கும் நெல்லுக்கும், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைக்கும் வெயில்தான் உயிர். நெல்லைக் கொண்டுபோய் ஏலக்காட்டு நிழலில் நட்டால் விளையுமா? ஏலத்தைக் கொண்டுவந்து வயல் நடுவில் நட்டால் பிழைக்குமா?

தண்ணீரில் வளரும் செடிகளிலும் இப்படி இரண்டு வகை உண்டு. படங்களில் பார்க்கிறோமே, தொட்டியின் அடி முழுக்கப் புல்வெளி விரித்தாற்போல, நடுநடுவே சிவப்புச் செடிகளோடு! அவை வெயில் ரகம். அவற்றுக்கு உக்கிரமான விளக்கு வேண்டும். அத்துடன் சிலிண்டரில் அடைத்த கரியமில வாயுவும், வாரா வாரம் உரமும், கத்தரிப்பும் வேண்டும். அது ஒரு தனித் தொழில். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அதில் இறங்காதீர்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஏலத்தோட்ட ரகம்! கொஞ்ச வெளிச்சம், கொஞ்சப் பராமரிப்பு, மெதுவான வளர்ச்சி, நீண்ட ஆயுள். வாயு சிலிண்டர் தேவையே இல்லை.

நம் வீட்டுக்கு ஏற்ற செடிகள்

*அனுபியாஸ்:* தடித்த, கரும்பச்சை இலை. ஆப்பிரிக்காவின் மேற்கு, மத்தியப் பகுதிகளில் ஆற்றோரக் காட்டு நிழலில் வளர்வது. நிழலில் வாழ்கிறதே என்பதற்காகப் பழைய எகிப்தியரின் மரண தெய்வமான அனுபிஸின் பெயரை இதற்கு வைத்தார்களாம். பெயர்தான் அப்படி, செடி லேசில் சாகாது! இதன் தண்டுக்கிழங்கை மணலில் புதைக்கக் கூடாது, அழுகிவிடும். ஒரு கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டி விடுங்கள்.

*ஜாவா ஃபெர்ன்:* தென்கிழக்கு ஆசியப் பக்கத்துச் செடி. இதையும் கட்டித்தான் விட வேண்டும். கூடவே *ஜாவா பாசி*யும் கொஞ்சம் கட்டிவிட்டால், மீன் குஞ்சுகள் ஒளிந்துகொள்ள இடமாகும்.

*கிரிப்டோகோரைன்:* வாயில் நுழையாத பெயராக இருக்கிறதே என்று மலைக்காதீர்கள். இதன் குடும்பம் நமக்குப் பழைய சொந்தம்தான். நாட்டுமருந்துக் கடையில் ‘நாட்டு அதிவிடயம்’ என்று வாங்குகிறோமே, அது கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸ் என்ற செடியின் கிழங்கு. (அந்தக் காய்ந்த துண்டை வாங்கி நட்டுவிடாதீர்கள், முளைக்காது!) மீன் கடைகளில் அதிகம் கிடைப்பது ‘வெண்டி’ என்ற ரகம், அதன் தாயகம் இலங்கை. இது மட்டும் மணலில் வேர் ஊன்ற வேண்டிய செடி.

செடிகளைக் கடையிலேயே வாங்குங்கள். மேகமலைக்குச் சுற்றுலா போனபோது ஓடையில் பார்த்தேன், ஒரு கைப்பிடி பறித்து வந்தேன் என்பதெல்லாம் வேண்டாம். அந்தக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். அங்கே செடி பறிப்பது சட்டப்படி குற்றம். அதேபோல, தொட்டியில் மிஞ்சிய செடியையும் மீனையும் முல்லையாற்றிலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள். அந்நியச் செடியும் மீனும் பெருகினால் ஆற்றில் உள்ளவற்றுக்கு ஆபத்து.

அட்டையில் பார்க்க வேண்டிய மூன்று எண்கள்

விளக்கு வாங்கப் போனால் கடைக்காரர் ‘பளிச்’ என்று போட்டுக் காட்டுவார். கண்ணை நம்பாதீர்கள், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மூன்று எண்கள் இருக்கும்.

*வாட்:* இது விளக்கு சாப்பிடும் மின்சாரம். தரும் வெளிச்சம் அல்ல. அரிசி எவ்வளவு போட்டோம் என்பதுதான் வாட். சோறு எவ்வளவு வந்தது என்பது வேறு எண்.

*லூமன்:* அந்தச் சோற்றுக் கணக்கு இதுதான். விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு. இன்றைய நல்ல வெள்ளை எல்.இ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். 9 வாட் பல்பு என்றால் ஏறக்குறைய 900 லூமன். மீன் தொட்டி விளக்குகள் சிலவற்றில் வாட் மட்டும் போட்டு, லூமன் போட்டிருக்க மாட்டார்கள். அப்போது வாட்டுக்கு 80 லூமன் என்று குறைத்தே கணக்கு வையுங்கள். ‘100 வாட்டுக்குச் சமம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தால் ஏமாறாதீர்கள். உண்மையான வாட் எவ்வளவு என்று கேளுங்கள்.

*கெல்வின்:* வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண். 2700, 3000 என்றால் பழைய குண்டு பல்பு போல மஞ்சள். 6500 என்றால் பகல் வெளிச்சம் போல வெள்ளை. அட்டையில் ‘கூல் டேலைட்’ என்று போட்டிருக்கும். மீன் தொட்டிக்கு இதுதான் பொருத்தம். மஞ்சள் வெளிச்சத்திலும் செடி வளரும், ஆனால் தண்ணீர் கலங்கியது போலவும், பச்சை இலை பழுத்தது போலவும் கண்ணுக்குத் தெரியும்.

“அப்போ ‘செடிக்கென்றே செய்த விளக்கு’ என்கிறார்களே, அது?” என்று கேட்பீர்கள். செடி முக்கியமாக உண்பது நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும். வெள்ளை எல்.இ.டி. எப்படி வேலை செய்கிறது தெரியுமா? உள்ளே இருப்பது நீல விளக்கு! அதன் மேல் மஞ்சள் பூச்சு பூசியிருக்கிறார்கள். நீலத்தில் ஒரு பங்கு பூச்சில் பட்டு மற்ற நிறங்களாக மாறுகிறது; எல்லாம் கலந்து வெள்ளையாக வெளியே வருகிறது. இதற்கு வழி திறந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நகமுரா என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆகவே நம் வீட்டு வெள்ளை விளக்கிலேயே செடிக்கு வேண்டிய நீலமும் இருக்கிறது, சிவப்பும் இருக்கிறது. நிழல் செடிகளுக்கு அது தாராளம்.

ரிமோட்டில் கலர் கலராக மாறும் விளக்கு குழந்தைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கலாம். செடிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. கருநீலமும் ஊதாவுமாக எரியும் ‘க்ரோ லைட்’ போட்டாலோ, மீன்கள் எல்லாம் ஒரே சாயத்தில் தோய்த்தது போலத் தெரியும். எதற்கு அந்தச் செலவு?

கணக்குப் போடலாம், வாருங்கள்

கணக்கு என்றதும் ஓடிவிடாதீர்கள். பால் கணக்கை விட இது சுலபம்.

நிழல் செடித் தொட்டிக்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 முதல் 20 லூமன் போதும். இது துல்லியமான சட்டம் அல்ல. கைப்பக்குவம் மாதிரி ஒரு கணக்கு. ஆனால் நன்றாகவே உதவும்.

இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் சொச்சம் பிடிக்கும். மணலும் கல்லும் போட்டு, மேலே இரண்டு விரற்கடை விட்டால் நிற்கும் தண்ணீர் சுமார் 45 லிட்டர். பத்தால் பெருக்கினால் 450. இருபதால் பெருக்கினால் 900. ஆக, 450-க்கும் 900-க்கும் நடுவில் லூமன் இருக்கிற எந்த வெள்ளை விளக்கும் போதும். வாட்டில் சொன்னால் 5 முதல் 9 வரை. அவ்வளவுதான்!

மற்ற அளவுகளுக்கும் சொல்லி விடுகிறேன்:

ஓர் அடிச் சதுரத் தொட்டி (தண்ணீர் சுமார் 22 லிட்டர்): 220 முதல் 450 லூமன், 3 முதல் 5 வாட்.

மூன்றடி நீளம், ஓர் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் (தண்ணீர் சுமார் 100 லிட்டர்): 1000 முதல் 2000 லூமன், 10 முதல் 20 வாட்.

உயரத்தை மறக்காதீர்கள். விளக்கிலிருந்து தள்ளிப் போகப் போக வெளிச்சம் குறையும். ஓர் அடி ஆழம் வரை கவலையில்லை. ஒன்றரை அடி ஆழம் என்றால் மேல் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது அனுபியாஸைக் கட்டையில் உயரமாகக் கட்டுங்கள். விளக்கைக் கூட்டுவதை விடச் செடியை ஏற்றி வைப்பது மலிவு!

வடிவத்திலும் ஒரு விஷயம். குண்டு பல்பு என்றால் அதன் நேர் கீழே பளிச்சென்றும், இரண்டு ஓரமும் இருட்டாகவும் இருக்கும். தொட்டியின் நீளத்துக்கு ஏற்ற பட்டை விளக்கு என்றால் வெளிச்சம் பரவி விழும்.

மின்சாரச் செலவு? 10 வாட் விளக்கு, தினம் 8 மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு 5 யூனிட்டைத் தொடாது. அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்பு அதே நேரம் எரிந்தால் 29 யூனிட் ஆகும். அதோடு தண்ணீரையும் வெந்நீராக்கும். சித்திரை வெயிலில் தேனியில் மீனுக்கு அந்தச் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும், பாவம்! எல்.இ.டி.யில் சூடு குறைவு. ஆனாலும் காற்றே புகாத மூடிக்குள் அடைத்து வைக்காதீர்கள், ஆயுள் குறையும்.

கூடினால் என்ன ஆகும்?

“கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டுமே, செடி செழிப்பாக வளருமே!” என்று தோன்றும். சாம்பாரில் உப்பு அதிகமானால் ருசி கூடுமா? நிழல் செடி, தன்னால் முடிந்த அளவுக்குத்தான் ஒளியைச் சாப்பிடும். மிச்சத்தைச் சாப்பிட அழையாத விருந்தாளி வருவார்; அவர் பெயர் பாசி. முதலில் கண்ணாடியில் பச்சைப் படலம். பிறகு தண்ணீரே பச்சையாகும். பிறகு அனுபியாஸ் இலை ஓரத்தில் கறுப்பு மயிர் போல ஒட்டிக்கொள்ளும், தேய்த்தாலும் போகாது. உடனே பாசிக்கு மருந்து வாங்குவோம். அளவு தப்பினால் மருந்து மீனுக்கே வினையாகும். இத்தனைக்கும் மூலம், தேவைக்கு மேல் வாங்கிய வெளிச்சம்!

இதே காரணத்தால்தான் தொட்டியை ஜன்னல் ஓரம் வைக்கக் கூடாது என்பதும். காலை வெயில் இரண்டு மணி நேரம் நேராக விழுந்தாலே பாசிக்குக் கொண்டாட்டம். உள்சுவர் ஓரமாக, வெயில் படாத இடமாகப் பாருங்கள்.

எத்தனை மணி நேரம் எரிய வேண்டும்?

விளக்கு எது என்பதை விட இதுதான் முக்கியம். புதுத் தொட்டிக்கு முதல் மூன்று வாரம் தினம் 6 மணி நேரம் போதும். பாசி தலைகாட்டாவிட்டால் வாரத்துக்கு அரை மணி கூட்டி 8 மணி வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

காலையில்தான் போட வேண்டும் என்ற நியதி இல்லை. எல்லோரும் வெளியே போய்விட்ட பகல் பொழுதில் யாருக்காக எரிய வேண்டும்? மதியம் இரண்டு மணிக்குப் போட்டு எட்டு மணிக்கு அணையுங்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் பார்க்கலாம். வேலை முடித்து நீங்கள் உட்காரும்போதும் பார்க்கலாம். தினமும் ஒரே நேரம் என்பது மட்டும் அவசியம். மறந்து போகும் என்றால், பிளக்கில் செருகும் ‘டைமர்’ வாங்கிக்கொள்ளுங்கள். விளக்கில் மிச்சம் பிடித்த பணத்தில் இது தாராளமாக வரும்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தொட்டி விளக்கை ராத்திரி ‘நைட் லேம்ப்’ ஆக்காதீர்கள். 6500 கெல்வின் வெளிச்சத்தில் நீலம் அதிகம். இரவில் கண்ணில் படும் நீல ஒளி, தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கும். குழந்தை தூங்க அடம் பிடித்தால் நாம் பாட்டியின் திருஷ்டி மிளகாயைத் தேடுவோம். காரணம் மூலையில் பளபளவென்று எரிந்துகொண்டிருக்கும்! குழந்தை படுக்க ஒரு மணி நேரம் முன்பே அணைத்து விடுங்கள். மீனுக்கும் இருட்டு வேண்டும். அதுவும் உறங்கும் ஜீவன்தானே?

தண்ணீரும் மின்சாரமும்

கம்பம் பள்ளத்தாக்கில் தண்ணீரும் மின்சாரமும் கூடப் பிறந்தவர்கள். 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இறங்கி, லோயர்கேம்ப் மின்நிலையத்தில் மின்சாரம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் வயலுக்குப் போகிறது. அங்கே அவர்கள் சேர்ந்து வரட்டும். நம் வீட்டுக்குள் இருவரும் சந்திக்கவே கூடாது! கீழே சொல்பவற்றில் ஒன்றையும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விடாதீர்கள்.

1. வீட்டுப் பல்பும் சாதாரண பட்டை விளக்கும் ஈரத்துக்காகச் செய்தவை அல்ல. அவற்றைத் தொட்டியின் விளிம்பில் வைக்கவோ, கயிற்றில் தொங்கவிடவோ கூடாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, தொட்டிக்கு மேலே சுவரில் அழுத்தமாகப் பொருத்தச் சொல்லுங்கள். தொட்டிக்குக் கண்ணாடி மூடி போடுங்கள்.

2. தொட்டி மேலேயே உட்காரும் விளக்குதான் வேண்டுமென்றால், 12 வோல்ட் அடாப்டரில் வேலை செய்கிற, தண்ணீர் புகாத விளக்காக வாங்குங்கள். அட்டையில் ‘ஐ.பி. 65’ அல்லது ‘ஐ.பி. 67’ என்று இருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 5 என்றால் தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் முழுகினாலும் தாங்கும். சிறு தொட்டிக்கான இத்தகைய விளக்குகள் சில நூறு ரூபாயிலேயே கிடைக்கின்றன. கூடுதலாகக் கொடுக்கும் காசு இந்த எண்ணுக்காக இருக்கட்டும்.

3. அடாப்டரைத் தொட்டி மேல் வைக்காதீர்கள். குழந்தைக்கு எட்டாத உயரத்தில், தொட்டிக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பிளக் பாயிண்ட் தொட்டிக்கு நேர் கீழே இருக்கவே கூடாது.

4. ஒயர் பிளக்குக்குப் போகுமுன் கொஞ்சம் கீழே தொங்கி, வளைந்து, பிறகு மேலே ஏற வேண்டும். ஒயர் வழியே தண்ணீர் வழிந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. காசில்லாத காவல் இது.

5. வீட்டு மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ‘ஆர்.சி.சி.பி.’ இருக்கிறதா என்று கேளுங்கள். மின்சாரம் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும் கருவி அது. இல்லையென்றால், மீன் தொட்டிக்கு முன் அதை வாங்குங்கள். வீடு முழுவதற்கும் காவல்.

6. தண்ணீரில் கை வைக்கும் முன் விளக்கு, காற்று பம்பு, ஃபில்ட்டர் எல்லாவற்றையும் அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். ஈரக்கையால் அல்ல! மீனுக்குத் தீனி போடுவது குழந்தையின் வேலையாக இருக்கட்டும். ஸ்விட்ச் எப்போதும் பெரியவர்கள் வேலை.

7. இரண்டடித் தொட்டி, தண்ணீரும் கல்லுமாக அறுபது கிலோவைத் தாண்டும். ஆடாத ஸ்டாண்ட் வேண்டும். தொங்கும் ஒயரைப் பிடித்து இழுப்பதுதானே மூன்று வயசின் விளையாட்டு! ஒயரைச் சுவரோடு சேர்த்து அடித்து விடுங்கள்.

செடி சொல்லும் பாஷை

இனி வெளிச்சம் சரியா என்று செடியே சொல்லும். இலைகள் வெளிறி, தண்டு நீண்டு, விளக்கை நோக்கி எட்டிப் பார்த்தால் வெளிச்சம் போதவில்லை. அரை மணி கூட்டுங்கள். அல்லது விளக்கைச் சற்றுக் கீழே இறக்குங்கள். கண்ணாடியில் வாரத்துக்கு இருமுறை பச்சைப் படலம் துடைக்க வேண்டியிருந்தால் வெளிச்சம் அதிகம். ஒரு மணி குறையுங்கள். அல்லது விளக்கை நாலு விரற்கடை உயர்த்துங்கள்.

இரண்டு விஷயங்களுக்குப் பதறாதீர்கள். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் பழுப்புத் தூசு போலப் படியும். அது தானாகவே போய்விடும். நட்ட புதிதில் கிரிப்டோகோரைன் இலைகள் எல்லாம் கூழாகிக் கரையலாம். இடம் மாறிய கோபம் அது! வேரைப் பிடுங்கி எறியாதீர்கள். சில வாரங்களில் புதுத் துளிர் வரும். அனுபியாஸ் மாதத்துக்கு ஓரிரண்டு இலை விட்டாலே அது சௌக்கியம் என்று அர்த்தம்.

போர் தண்ணீர் உபயோகிக்கும் வீடுகளில் மூடிக் கண்ணாடியில் வெள்ளை உப்பு படியும். அது வெளிச்சத்தைத் திருடும். வாரம் ஒருமுறை மூடியை வெளியே எடுத்து, வினிகர் தொட்ட துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலம்பி வையுங்கள். விளக்கு மங்கிவிட்டது என்று புதுசு வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள்.

நீங்கள் கேட்கக் கூடியவை

*கரண்ட் போனால்?* விளக்கு இரண்டு நாள் எரியாவிட்டாலும் நிழல் செடிக்கு ஒன்றும் ஆகாது. கவலைப்பட வேண்டியது மீனைப் பற்றித்தான். காற்று பம்பு நின்றால், பேட்டரியில் ஓடும் சின்ன பம்பு கைவசம் இருப்பது நல்லது.

*பழைய ட்யூப்லைட் இருக்கிறதே?* எரியும் வரை எரியட்டும். செடி அதிலும் வளரும். எல்.இ.டி.க்கு மாற்றும்போது சோக், ஸ்டார்ட்டரை என்ன செய்வது என்பதை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

*விளக்கைத் திடீரென்று போட்டால் மீன் துள்ளுகிறதே?* கும்மிருட்டில் நம் முகத்தில் டார்ச் அடித்தால் நாமும் துள்ள மாட்டோமா? முதலில் அறை விளக்கு, பிறகு தொட்டி விளக்கு. அணைக்கும்போது முதலில் தொட்டி, கடைசியில் அறை.

கடைக்குப் போகும்போது கையில் ஒரு சீட்டு

தொட்டியின் லிட்டர் எவ்வளவு? அதைப் பத்தாலும் இருபதாலும் பெருக்கினால் வேண்டிய லூமன். நிறம் 6500 கெல்வின். நீளம் தொட்டிக்குப் பொருத்தமாக. பல்போ அடாப்டரோ, பி.ஐ.எஸ். முத்திரையும் பக்கத்தில் ‘ஆர்’ என்று தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். தொட்டி மேல் வைப்பதென்றால் ஐ.பி. எண். கூடவே ஒரு டைமர்.

சீட்டில் இல்லாத எதையாவது கடைக்காரர் எடுத்துக் காட்டினால், “எங்க வீட்டுத் தொட்டி ஏலத்தோட்டம், இவ்வளவு வெயில் வேண்டாம்” என்று சிரித்துச் சொல்லிவிட்டு வாருங்கள். மிச்சமாகும் பணம், சின்னமனூர்ச் சகோதரியின் வீட்டில் மின்பெட்டிக்குப் போகட்டும்.